காந்தத்திற்கு அஞ்சுவதா, காந்தத்தை நம்புவதா?

இரும்பை என்னும் ஊர்ப்பெயரை முதன்முறை கேட்போர், அது இரும்பிலிருந்து வந்த பெயர் என்றே எண்ணுவர். இலுப்பை மரங்கள் நிறைந்திருந்தமையால் ஏற்பட்ட பெயர் அது என்று மாகாளேசுவரர் கோயிலின் தல வரலாற்றை அறிந்தோர் கூறுவர். ஒலி ஒத்திருப்பதாலேயே பொருளும் ஒன்றாகிவிடாது. எங்கள் நரம்பியல் பிரிவில் அடிக்கடி அடிபடும் 'காந்தம்' என்னும் சொல்லின் நிலையும் இதுவே.

இரும்பை, வானூர், திண்டிவனம், விழுப்புரம் ஆகிய பகுதிகளிலிருந்து வரும் குடும்பத்தினர் எங்களிடம் மூன்று கேள்விகளை மாறி மாறிக் கேட்கின்றனர். "வீட்டுக்குப் பின்னால் உயர் அழுத்த மின்கம்பி போகிறது; பிள்ளைக்கு வலிப்பு வந்தது அதனால்தானா?" என்பது முதலாவது. "காந்தப் படுக்கை வாங்கினால் அப்பாவுக்குப் பக்கவாதம் தேறிவிடும் என்கிறார்களே, வாங்கலாமா?" என்பது இரண்டாவது. "மனச்சோர்வுக்குத் தலையில் காந்தம் வைக்க வேண்டும் என்கிறார்கள், அது ஷாக் வைப்பதுதானே? மூளை கெட்டுவிடாதா?" என்பது மூன்றாவது.

இவை அறியாமையால் எழும் கேள்விகள் என்று நாங்கள் கருதுவதில்லை. மூன்றுக்கும் பின்னால் அக்கறையும் அச்சமும் இருக்கின்றன. ஆனால் தவறான விடை மிகுந்த கேடு விளைவிக்கிறது. கம்பியே காரணம் என்று முடிவு செய்து, வலிப்பு மாத்திரையை நிறுத்திவிட்டு வீட்டை மாற்றிய குடும்பங்களைக் கண்டிருக்கிறோம். புது வீட்டிலும் வலிப்பு வந்தது. இம்முறை நீண்ட நேரம் நிற்காமல் வந்தது. படுக்கைக்காகக் கடன் வாங்கிவிட்டு, இயன்முறை சிகிச்சைக்கு வரப் பேருந்துக் கட்டணம் இல்லை என்றவர்களும் உண்டு. 'ஷாக்' என்னும் ஒரு சொல்லுக்கு அஞ்சி, பயன் தந்திருக்கக்கூடிய சிகிச்சையை மறுத்தவர்களும் உண்டு.

மூன்று கேள்விகளுக்கும் விடை காண உதவும் அளவுகோல் ஒன்றே என்பதுதான் இக்கட்டுரையில் நாங்கள் கூற விரும்புவது. 'அங்கே காந்தம் இருக்கிறதா?' என்று கேட்பதில் பயனில்லை. 'அந்தக் காந்தம் மூளைக்குள் எவ்வளவு மின்புலத்தை உண்டாக்குகிறது?' என்று கேட்க வேண்டும்.

சைக்கிள் டைனமோ கற்பிக்கும் பாடம்

பழைய சைக்கிள்களில் சக்கரத்தோடு உராயும் டைனமோ இருந்ததைப் பலர் நினைவில் வைத்திருப்பீர்கள். அதற்குள் காந்தம் எப்போதும் இருந்தது. ஆயினும் சைக்கிள் நின்றிருக்கும்போது விளக்கு எரியவில்லை. சக்கரம் சுழன்றால் எரிந்தது. வேகமாக மிதித்தால் ஒளி கூடியது. 1831-ஆம் ஆண்டில் மைக்கேல் பாரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டல் என்பது இதுவே. காந்தப்புலம் மாறும்போது மட்டுமே மின்புலம் தூண்டப்படுகிறது. மாற்றம் எவ்வளவு விரைவோ, தூண்டப்படும் மின்புலமும் அவ்வளவு வலிது.

நம் மூளையின் நரம்பணுக்கள் தமக்குள் பேசிக்கொள்வது மின்குறிப்புகளால்தான். ஆகவே மூளையைப் பொறுத்தவரை காந்தத்தின் விளைவை அளக்க வேண்டுமானால், அது தூண்டும் மின்புலத்தை அளக்க வேண்டும். உயிருள்ள ஒருவரின் மூளைக்குள் கருவியைச் செருகி அதை அளப்பது அரிதினும் அரிது. எனவே அறிவியலாளர்கள் கணினியில் மூளையின் மாதிரியை அமைத்துக் கணக்கிடுகின்றனர்.

அக்கணிப்பு மூன்று படிகளில் நடைபெறுகிறது. முதலில் எம்.ஆர்.ஐ. படத்திலிருந்து தோல், மண்டையோடு, மூளையைச் சூழ்ந்த திரவம், சாம்பல் நிறப் பகுதி, வெண்மைப் பகுதி எனத் தலை பிரிக்கப்படுகிறது. இரண்டாவதாக, ஒவ்வொரு பகுதிக்கும் அதற்குரிய மின்கடத்துத்திறன் வழங்கப்படுகிறது. மூளையைச் சூழ்ந்த திரவம் சாம்பல் நிறப் பகுதியைவிட ஏறத்தாழ ஆறு மடங்கு நன்றாக மின்சாரத்தைக் கடத்துகிறது. மண்டையோடு மிகக் குறைவாகவே கடத்துகிறது. மூன்றாவதாக, முழுத் தலையும் ஒரு மில்லிமீட்டர் அளவிலான சிறு சிறு கூறுகளாகப் பகுக்கப்பட்டு, ஒவ்வொன்றிலும் எவ்வளவு மின்புலம் எழுகிறது என்று கணினி கணக்கிடுகிறது.

மின்கம்பிக்குக் கீழே

இனி முதல் கேள்விக்கு வருவோம். நம் வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 முறை திசை மாறுகிறது. உயர் அழுத்த மின்கம்பியின் நேர் கீழே காந்தப்புலம் ஏறத்தாழ 20 மைக்ரோடெஸ்லா வரை இருக்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனம் தரும் அளவு. விலகிச் செல்லச் செல்ல அது விரைவாகக் குறையும்.

தலையை 8 சென்டிமீட்டர் ஆரமுள்ள, உள்ளே எங்கும் ஒரே தன்மையுடைய உருண்டை என்று கொண்டு எளிய கணக்குப் போட்டால், 20 மைக்ரோடெஸ்லா புலம் மீட்டருக்கு 0.25 மில்லிவோல்ட் அளவிலான மின்புலத்தைத் தூண்டும். உண்மையான உடலமைப்பைக் கொண்ட விரிவான மாதிரிகளில் இது ஏறத்தாழ 0.6 மில்லிவோல்ட் என வருகிறது. மாதிரி நுணுக்கமாகும்போது விடை இரு மடங்குக்கும் மேல் உயர்ந்திருப்பதைக் கவனியுங்கள். எளிய கணக்கோடு நின்றுவிடக் கூடாது என்பதற்கு இதுவே சான்று.

இந்த 0.6 பெரிதா, சிறிதா? 1896-ஆம் ஆண்டில் பாரிசில் தார்சோன்வால் என்னும் மருத்துவ இயற்பியலாளர், மாறும் காந்தப்புலத்தை உண்டாக்கும் பெரிய கம்பிச்சுருளுக்குள் தலையை நுழைத்தால் கண்முன் ஒளி மினுங்குவதாகப் பதிவு செய்தார். விழித்திரையில் அத்தகைய மினுக்கத்தைத் தோற்றுவிக்கக்கூடிய மிகக் குறைந்த மின்புலம், மீட்டருக்கு 50 முதல் 100 மில்லிவோல்ட் வரை என மதிப்பிடப்பட்டுள்ளது. அதற்கும் கீழே, பொதுமக்களின் தலையில் 50 ஹெர்ட்ஸில் 20 மில்லிவோல்ட்டைத் தாண்டக் கூடாது என்று அயனியாக்காக் கதிர்வீச்சுப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஆணையம் 2010-இல் வரம்பு வகுத்தது. கம்பிக்கு நேர் கீழே நிற்பவரின் மூளையில் தூண்டப்படுவது அவ்வரம்பில் முப்பதில் ஒரு பங்கே.

"கம்பிக்குக் கீழே குழல்விளக்கைப் பிடித்தால் கையிலேயே எரிகிறதே?" என்று கேட்பீர்கள். உண்மைதான். அது காற்றில் பரவியிருக்கும் மின்புலத்தால் நேர்வது. அப்புலத்தை நம் உடல் தன் மேற்பரப்பிலேயே பெரிதும் தடுத்துவிடுகிறது. உள்ளே நுழைவது இலட்சக்கணக்கான மடங்கு குறைந்து போகிறது.

2018-இல் கொங்கு மண்டலத்து விவசாயிகள் உயர் அழுத்த மின்கோபுரங்களை எதிர்த்துப் போராடியது நினைவிருக்கும். அப்போது பேசப்பட்ட மின்தடங்களுள் முதன்மையானது, சத்தீசுகரின் ராய்கரிலிருந்து புகளூருக்கு வரும் 800 கிலோவோல்ட் தடம். அது நேர்த்திசை மின்னோட்டம் செல்லும் தடம். அதன் காந்தப்புலம் 50 ஹெர்ட்ஸில் மாறுவதில்லை. ஆகவே அத்தகைய தடத்தால் மூளையில் தூண்டப்படும் மின்புலம் வழக்கமான மின்கம்பியைவிடவும் குறைவு. நிலத்தின் மதிப்பு, இழப்பீடு, கேட்காமலே கோபுரம் நடப்படுதல் ஆகியவை குறித்து விவசாயிகள் எழுப்பிய கேள்விகள் வேறு. அவற்றின் நியாயத்தை இக்கணக்கு சிறிதும் குறைப்பதில்லை. மூளை குறித்த கேள்விக்கு மட்டுமே இது விடை.

ஒன்றை மறைக்காமல் கூற வேண்டும். வீட்டில் நீண்ட காலம் சராசரியாக 0.3 முதல் 0.4 மைக்ரோடெஸ்லாவுக்கு மேல் காந்தப்புலம் இருந்த இடங்களில் குழந்தைகளுக்கு இரத்தப் புற்றுநோய் சற்றுக் கூடுதலாகக் காணப்பட்டதாகச் சில ஆய்வுத் தொகுப்புகள் காட்டின. அதனால் 2002-இல் பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை இப்புலங்களை 'புற்றுநோயை உண்டாக்கக் கூடியதாக இருக்கலாம்' என்னும் பிரிவில் வைத்தது. கம்பிதான் காரணம் என்பது நிறுவப்படவில்லை. ஐயம் மட்டும் எஞ்சி நிற்கிறது. புதிதாக வீடு கட்டுவோர் கம்பியிலிருந்து தள்ளிக் கட்டுவது நன்றே. ஆனால் வலிப்பு நோய்க்குக் கம்பியைக் காரணம் காட்டி மாத்திரையை நிறுத்துவதற்கு அதில் இடமே இல்லை. மின்கம்பியின் மெய்யான ஆபத்து வேறு: மழைக்காலத்தில் அறுந்து விழும் கம்பியும், அதனருகே உயர்த்தப்படும் இரும்புக் குழாயும் உயிரைப் பறிக்கும்.

காந்தப் படுக்கையில்

இரண்டாவது கேள்விக்கான விடை டைனமோவிலேயே அடங்கியுள்ளது. படுக்கையிலும் கைவளையிலும் தைக்கப்படுபவை நிலைக்காந்தங்கள். அவற்றின் மேற்பரப்பில் உள்ள புலம், மின்கம்பிக்குக் கீழே உள்ளதைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் வலிதாக இருக்கலாம். ஆனால் அது மாறுவதில்லை. அசையாது படுத்திருப்பவரின் மூளையில் அது தூண்டும் மின்புலம் சுழியம். நின்றுபோன சைக்கிளின் விளக்கு அது. வடக்கே தலை வைத்துப் படுக்கலாகாது என்பதற்குப் புவியின் காந்தத்தைக் காரணமாகக் கூறுவோருக்கும் இதுவே விடை. நம் பகுதியில் புவிக்காந்தப் புலம் ஏறத்தாழ 40 மைக்ரோடெஸ்லா. எத்திசையில் படுத்தாலும் அது உறங்குபவரின் மூளையைத் தூண்டாது. வழக்கத்தைப் போற்றுவோர் போற்றலாம். நோய்க்கு அதைக் காரணமாக்க வேண்டாம்.

பக்கவாதத்துக்குப் பின் கையும் காலும் தேறுவது இடைவிடாத இயன்முறைப் பயிற்சியால்தான். படுக்கைக்கான பணத்தை அதற்குச் செலவிடுங்கள். இதயமுடுக்கி பொருத்தப்பட்டவர்கள் நிலைக்காந்தத்தை மார்பருகே கொண்டுசெல்லவே கூடாது. அது முடுக்கியின் இயக்க முறையை மாற்றிவிடும்.

தலையில் வைக்கும் கம்பிச்சுருள்

மூன்றாவது கேள்வியே இன்று எங்களுக்கு மிகவும் முக்கியமானது. டி.எம்.எஸ். எனப்படும் காந்தத் தூண்டல் சிகிச்சையில், எட்டு வடிவக் கம்பிச்சுருள் ஒன்றைத் தலையின்மேல் வைத்து, கண்ணிமைப்பதைவிடப் பன்மடங்கு குறைந்த நேரத்தில் வலிய மின்னோட்டத்தைச் செலுத்துவர். ஒன்றரை முதல் இரண்டு டெஸ்லா வரை எழும் காந்தப்புலம், ஒரு நொடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் உச்சத்தை எட்டுகிறது. அதனால் பெருமூளைப் புறணியில் மீட்டருக்கு 100 வோல்ட் அளவிலான மின்புலம் தூண்டப்படுகிறது. மின்கம்பிக்குக் கீழே எழுவதைவிட இது ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் மடங்கு. நரம்பணுக்களை இயங்கச் செய்ய இத்தகைய வலிமை வேண்டும். வேண்டுமென்றே அது செலுத்தப்படுகிறது.

1985-இல் இங்கிலாந்தின் செபீல்டு நகரில் அந்தோணி பார்க்கர் குழுவினர், இம்முறையில் தலைக்கு வெளியேயிருந்து மூளையைத் தூண்டிக் கையை அசையச் செய்து காட்டினர். 2008-இல் அமெரிக்க உணவு மருந்து நிருவாகம், மருந்துக்குக் கட்டுப்படாத மனச்சோர்வு நோய்க்கு இதை அனுமதித்தது. நம் நாட்டில் பெங்களூரு நிம்ஹான்ஸ் உள்ளிட்ட நிறுவனங்கள் இதைப் பயன்படுத்துகின்றன. இது 'ஷாக்' எனப்படும் மின்வலிப்புச் சிகிச்சை அன்று. மயக்க மருந்து கிடையாது, வலிப்பு உண்டாக்கப்படுவதில்லை, நோயாளி விழித்தபடி நாற்காலியில் அமர்ந்திருப்பார். தலையில் தட்டுவது போன்ற உணர்வும், உரத்த சொடுக்கொலியும், சிலருக்குத் தலைவலியும் இருக்கும். வலிப்பு நேர்வது மிக அரிது. ஆனால் அறவே இல்லை என்று கூற முடியாது. மின்வலிப்புச் சிகிச்சையும் அஞ்சத்தக்கதன்று; கடுமையான நோய்க்கு அது உயிர் காக்கும் சிகிச்சை. இரண்டும் வேறு என்பதையே இங்கு வலியுறுத்துகிறோம்.

இனி எங்கள் கருத்தைக் கூறுகிறோம். ஒரு மருந்தை எழுதும்போது இத்தனை மில்லிகிராம் என்று எழுதுகிறோம். டி.எம்.எஸ். சிகிச்சையில் எழுதப்படுவது யாது? கருவியின் திரையில் தோன்றும் விழுக்காடு. முதலில் கையை இயக்கும் பகுதியைத் தூண்டி, பெருவிரல் துடிக்கும் அளவைக் கண்டறிகிறோம். மனச்சோர்வு நோய்க்கு வழக்கமாக அதன் 120 விழுக்காட்டை நெற்றிப்புற மூளைக்குச் செலுத்துகிறோம். நல்ல முறைதான்; பாதுகாப்பும் தருகிறது. ஆனால் ஒரு குறை இருக்கிறது. கையை இயக்கும் பகுதி மண்டையோட்டிலிருந்து எவ்வளவு ஆழத்தில் உள்ளதோ, நெற்றிப்புறப் பகுதியும் அதே ஆழத்தில் இருக்கும் என்பதற்கு உறுதியில்லை. சுருளுக்கும் மூளைக்கும் இடையே சில மில்லிமீட்டர் கூடினாலே மின்புலம் குறைந்துவிடும். முதுமையில் மூளை சற்றுச் சுருங்கி, சூழ்ந்துள்ள திரவம் பெருகும்போது இடைவெளி மேலும் கூடும். ஆகவே ஒரே விழுக்காடு இருவருக்கு வெவ்வேறு மின்புலத்தைத் தரும். ஒருவருக்குச் சிகிச்சை பலிக்கவில்லை என்றால், நோய் கட்டுப்படவில்லையா, அளவே போய்ச் சேரவில்லையா என்று பிரித்தறிய வழியில்லாமல் போகிறது. நான்கு முதல் ஆறு வாரம் நாள்தோறும் ஊரிலிருந்து வந்துபோன குடும்பத்திடம் "பலிக்கவில்லை" என்று மட்டும் கூறி அனுப்புவது எங்களுக்கு நிறைவளிக்கவில்லை.

முன்பு கூறிய கணினி மாதிரி இங்குதான் பயன்படும். நோயாளியின் சொந்த எம்.ஆர்.ஐ. படத்திலிருந்து அவருடைய மூளையில் எழும் மின்புலத்தை மதிப்பிடும் சிம்நிப்ஸ் போன்ற மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. இவ்வாறு கணித்து அளவைத் திருத்தினால் குணமடைவோர் கூடுவர் என்பது இன்னும் நிறுவப்படவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். எனினும், கொடுத்த அளவு எவ்வளவு என்று தெரிந்துகொள்வது சிகிச்சையின் முதற்கடமை என்று நாங்கள் கருதுகிறோம். எம்.ஆர்.ஐ. படம் ஏற்கெனவே எடுக்கப்பட்டிருந்தால், மதிப்பிடப்பட்ட மின்புலமும் சுருள் வைத்த இடமும் நோயாளியின் பதிவேட்டில் எழுதப்பட வேண்டும். படம் இல்லாதவர்களை இதற்காக மட்டும் செலவு செய்து எடுக்கச் சொல்வதை இன்றைய நிலையில் நாங்கள் பரிந்துரைக்கவில்லை.

இன்னொன்றும் உண்டு. உலகெங்கும் பயன்படும் தலை மாதிரிகளிற் பெரும்பாலானவை மேலைநாட்டினரின் உடலைக் கொண்டு ஆனவை. ஐதராபாத்து பன்னாட்டுத் தகவல் தொழில்நுட்பக் கழகத்தினர் 50 ஆண்கள், 50 பெண்களின் எம்.ஆர்.ஐ. படங்களைக் கொண்டு 2019-இல் இந்திய மூளை வரைபடம் ஒன்றை வெளியிட்டனர். சராசரி இந்திய மூளை, நீளம், அகலம், உயரம் மூன்றிலும் மேலைநாட்டு மூளையைவிடச் சற்றுச் சிறியது என்று அது காட்டியது. அளவு சிறிதாயிருப்பதால் அறிவு குறைந்துவிடாது. ஆனால் மில்லிமீட்டர் கணக்கில் நடக்கும் சிகிச்சைக்கு அவ்வேறுபாடு பொருட்படுத்தத்தக்கது. திண்டிவனத்து முதியவர் ஒருவருக்கு அளவு கணிக்கும்போது, அவரைப் போன்றோரின் தலைகளும் அந்த மாதிரிகளில் இடம்பெற்றிருக்க வேண்டும். ஆராய்ச்சிக்காக உங்கள் எம்.ஆர்.ஐ. படத்தைப் பெயர் நீக்கிப் பயன்படுத்தலாமா என்று முறைப்படி யாரேனும் ஒப்புதல் கேட்டால், விளக்கத்தைப் படித்துப் பார்த்து, மனம் ஒப்பினால் இசைவு தாருங்கள். மறுத்தாலும் உங்கள் சிகிச்சையில் எக்குறையும் நேராது.

நீங்கள் கேட்க வேண்டியவை

டி.எம்.எஸ். பரிந்துரைக்கப்பட்டால், மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள்: இதுவரை எந்தெந்த மருந்துகள், எவ்வளவு காலம் முயன்று பார்க்கப்பட்டன? சுருள் வைக்கும் இடம் அளவு நாடாவால் குறிக்கப்படுமா, எம்.ஆர்.ஐ. படத்தின் துணையுடனா? விரல் துடிப்பின் அளவு எனக்கென்று தனியாகப் பார்க்கப்பட்டதா? மருந்து மாறினால் மீண்டும் பார்க்கப்படுமா?

நீங்கள் எங்களிடம் மறைக்காமல் சொல்ல வேண்டியவையும் உள்ளன. முன்பு வலிப்பு வந்ததுண்டா? தலையில் உலோகக் கிளிப், காதுக்குள் பொருத்திய காக்ளியர் கருவி, இதயமுடுக்கி ஏதேனும் இருக்கிறதா? மதுப்பழக்கம் உண்டா? சிகிச்சைக் காலத்தில் இரவு உறக்கம் குறைகிறதா? உறக்கம் கெடுவதும், மதுவைத் திடீரென நிறுத்துவதும் வலிப்பு நேரும் வாய்ப்பைக் கூட்டும். கருவியின் சொடுக்கொலியிலிருந்து காதைக் காக்க அடைப்பான் தரப்படும். தராவிட்டால் கேட்டுப் பெறுங்கள்.

வலிப்பு மாத்திரையையோ மனநல மருந்தையோ யார் சொன்னாலும் எங்களைக் கேளாமல் நிறுத்தாதீர்கள். மனம் தாங்கவில்லை என்னும் வேளையில் அடுத்த மருத்துவ நாள்வரை காத்திருக்க வேண்டாம்; 14416 என்னும் டெலிமானஸ் எண்ணை எந்நேரமும் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம். கம்பி, படுக்கை, கருவி எதைப் பற்றிய ஐயமாயினும், வெளிநோயாளர் பிரிவுக்கு வரும்போது எழுதிக் கொண்டுவந்து கேளுங்கள். கணக்கைத் தாளில் போட்டுக்காட்ட நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம்.